ரோஜாச் செடி கீறியது

முப்பது வருஷமாக இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள் நான். ஒரு பூனைக்குட்டி என்னை இந்தப் பாடு படுத்தும் என்று நினைக்கவில்லை.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் கிடந்ததை டிபன் பையில் போட்டு காக்ஸ் டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீடு அண்ணனுடையது. அப்பா அவர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். கல்யாணம் ஆகாத எனக்கு அதில் பின்பக்க அறை. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஒரு நாற்காலியை நகர்த்துவதென்றாலும் கேட்டுக்கொண்டுதான் நகர்த்துவேன்.

குட்டி வளர வளரப் பல்லும் வளர்ந்தது. திரைச்சீலையில் தொங்கியது, சோபாவைப் பிறாண்டிப் பஞ்சை வெளியே எடுத்தது, நடக்கிற கால்களையெல்லாம் பாய்ந்து கவ்வியது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்லாக வைக்க அண்ணி தட்டில் கேழ்வரகு விதைத்திருந்தார். முளை விரல் உயரம் வந்த அன்று குட்டி அதன்மேல் படுத்து உருண்டு, பாதியைத் தின்று, தின்றதைக் கூடத்திலேயே வாந்தி எடுத்துவைத்தது. மறுநாள் அண்ணியின் கணுக்காலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் என்னோடு பேசவில்லை.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு, அண்ணிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். “இன்னொரு வாட்டி யாரையாச்சும் கடிச்சா சிவாஜிநகர் கறிக்கடைங்க பக்கம் விட்டுட்டு வந்துடுவேன். அங்க அதுக்குத் தீனிக்குக் குறைச்சல் இல்ல.”

அதை எப்படியாவது வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கையை வைத்து விளையாடுவதை அடியோடு நிறுத்தினேன். ஒரு குச்சியில் பழைய ரிப்பனைக் கட்டி, காலையும் மாலையும் அது மூச்சு வாங்கிப் படுக்கும்வரை ஓடவிட்டேன். அதன் பிறகுதான் சாப்பாடு. கடித்தால் திட்டமாட்டேன், கையை வெடுக்கென்று இழுக்கவும் மாட்டேன். அசையாமல் இருந்துவிட்டு, விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுவேன். பிறாண்டிக்கொள்ள ஸ்டூல் காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கொடுத்தேன். பத்தே நாளில் என் கையை நக்க ஆரம்பித்தது. என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு சீக்கிரம் திருந்தியதில்லை.

சோபா பக்கம் போனால் மட்டும் பழைய புத்தி. அண்ணன் கையிலும் புதிது புதிதாகக் கீறல்கள். அண்ணி கேட்டதற்கு, “ரோஜாச் செடி கீறிடுச்சு,” என்றார். ஃபேக்டரியில் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியதிலிருந்து வீட்டோடு இருப்பவர். வாசல் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். நம்பினோம்.

அரையாண்டுத் தேர்வு நடந்ததால் ஒருநாள் மதியமே வந்துவிட்டேன். அண்ணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கிரில் வழியாகப் பார்த்தேன். அண்ணன் சோபாவில் படுத்துக்கொண்டு அதன் கைப்பிடியில் விரல்களால் தாளம் போட்டார். பூனை பதுங்கிப் பாய்ந்து கவ்வியது. “கடி, கடி. புலிடா நீ,” என்று சிரித்தார். வேலை போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அங்கேயே அவரைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் சும்மா இருந்ததாக அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பின்பக்க அறைக்காகத்தான் சும்மா இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணியின் அம்மா வந்தார். சர்க்கரை நோய்க்காரர். அந்த சோபாவில் உட்கார்ந்து, கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு ஜெபமாலை உருட்டினார். மணி மணியாக விரல்கள் நகர்ந்தன. நான் குடிலில் ஆட்டுக்குட்டிகளை வைத்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் பூனை பாய்ந்துவிட்டது. அவர் பயந்து கையை இழுத்தார், தோல் கிழிந்தது.

“காட்டுப் பூனை. நான் அப்பவே சொன்னேன்,” என்றார் அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்த கையோடு ஒரு கட்டைப்பையை எடுத்தார். பூனையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பை வாயைத் திறந்து அவர் விரலால் தட்டியதும் அதுவாகவே உள்ளே குதித்தது. பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் சிவாஜிநகரில் தேடினேன். ஒவ்வொரு கறிக்கடை வாசலிலும் பூனைகள். ரிப்பனை ஆட்டிக்கொண்டு நின்ற என்னைக் கடைக்காரர்கள்தான் பார்த்தார்கள்.

தவக்காலத்தில் ஒரு மாலை. அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சோபா கைப்பிடியில் தட்டிக்கொண்டே சொன்னார். “வீடு ஒரு மாதிரி இருக்குல்ல? உங்க ஸ்கூல் பக்கம் குட்டி ஏதாச்சும் கெடந்தா எடுத்துட்டு வாயேன். நீதான் நல்லாப் பழக்குவியே.”

அவர் கையைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வாசலில் ரோஜா முன்னைவிட நன்றாகத் தழைத்திருந்தது.

“ஏண்ணா, இப்பல்லாம் ரோஜாச் செடி உங்களக் கீறறதே இல்லையா?” என்றேன், அண்ணிக்குக் கேட்கும்படியாகவே.

தாளம் நின்றது. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தார்.