மூடியைத் திறக்காத பிற்பகல்

கஞ்சி வாளியை எனக்கு மூத்தவளான ராத்தா காலையிலேயே கழுவி வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். நோன்பு மாதத்துப் பின்னேரங்களில் எங்கள் உக்குவளைத் தெருவில் பாதி வீட்டுக்காரர் வாளியோடு பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போவதில்லை. வாப்பாவுக்கு உம்மா காய்ச்சும் கஞ்சிதான் வேண்டும். அந்த வாரம் உம்மாவின் வலது கையில் பிளாஸ்டர். "நான் காய்ச்சுறேன்" என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான். அதுவரை நான் அடுப்பில் வைத்தது சுடுதண்ணீரும் நூடுல்ஸும்தான்.

"பள்ளியில கஞ்சி முடியிறதுக்கு முந்திச் சொல்லு," என்றாள் ராத்தா. "வாளி ரெடியா ஈக்கி."

என் தைரியமெல்லாம், தோஹாவிலிருந்து வாப்பாவின் தம்பி சாச்சா கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் பெட்டியோடு கிடந்த ஸ்லோ குக்கர்தான். கறுப்புப் பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி. கிண்ட வேண்டாம், அடிப்பிடிக்காது, போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று வீடியோக்களில் பார்த்திருந்தேன். காலையிலேயே அரிசி, ஆட்டிறைச்சித் துண்டுகள், இஞ்சி, பூண்டு, ரம்பை இலை, வீட்டுக்குப் பின்னால் உரித்த கறுவாப் பட்டை எல்லாவற்றையும் தண்ணீரோடு போட்டு மூடினேன்.

"உப்பு கடைசில போடுங்க மகள்," என்றார் உம்மா.

குக்கரைப் போட்டுவிட்டு மறக்கத்தான் முடியவில்லை. நோன்போடு ருசி பார்க்க முடியாது. மிஞ்சியிருந்தது மூக்கு மட்டும். மூடியைத் தூக்கி மோந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கறுவா வாசத்தோடு ஆவி முகத்தில் வந்து மோதும், கண்ணாடி வெளுக்கும், உள்ளே சூடு இறங்கிப்போகும். திறக்க வேண்டாம் என்று குக்கரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருந்தது. நான் வாசித்தும் இருந்தேன். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அரிசி அரிசியாகவே கிடந்தது.

"அதுக்கும் நோன்பு போல," என்றாள் ராத்தா.

சமையலறை மேசையில் குக்கருக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்தேன், காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டு. வெளியே மழை பிடித்தது. கண்டிப் பக்கம் போகும் ரயில் எங்கேயோ தொலைவில் கூவியது. கண்ணாடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்து, கனத்து, மெல்ல வழிந்தன. பார்த்துக்கொண்டே இருந்ததில் அது மூடியா, மழை வழியும் பஸ் ஜன்னலா என்று தெரியாமல் போனது. அந்த ஜன்னலுக்கு அப்பால் மலைகள் கஞ்சி நிறத்தில் மிதந்தன. நான் பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தேன். இறங்க வேண்டிய இடம் எதுவென்று யாரும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"எழும்பு. மகரிப் ஆகப்போகுது, நோன்பு திறக்கணும். நான் பள்ளிக்குப் போறேன்."

ராத்தா வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பதறி மூடியைத் தூக்கினேன். அரிசி மலர்ந்து, கரைந்து, இறைச்சி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நான் தூங்கிய நேரமெல்லாம் அதை யாரும் திறக்கவில்லை. அவசரமாகத் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கலக்கினேன். ராத்தா எட்டிப் பார்த்தாள். வாளியைத் திரும்ப வாசலில் வைத்துவிட்டு, கோப்பைகளை எடுக்கப் போனாள்.

பள்ளியில் பாங்கு ஒலித்தது. எல்லாரும் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சிக் கோப்பையை எடுத்தார்கள். வாப்பா ஒரு மிடறு குடித்து நிறுத்தினார். நானும் குடித்தேன். உப்பே இல்லை.

வாளி வாசலில்தான் இருந்தது. பள்ளியில் இன்னும் கஞ்சி இருக்கும். நான் தலை நிமிரவில்லை.

"மகள், அந்த உப்ப எடுங்க," என்றார் வாப்பா. ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, முழுதாகக் குடித்து முடித்து, கோப்பையை மறுபடி என் பக்கம் நீட்டினார்.

உம்மா இடது கையால் உப்புப் போத்தலை ராத்தாவின் பக்கம் தள்ளினார். "நீங்களும் போட்டுக் குடிங்க. வாளி காய்ஞ்சிட்டுது, உள்ள எடுத்து வைக்கலாம்."