ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சர் டியூபும்

அன்பான சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஓர் இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். போன வருடம் ஆனி மாத மழையில், திருவட்டாற்றுக்கு மேலே ரப்பர்த் தோட்டச் சரிவில் சைக்கிளோடு உருண்டேன். ஈர இலை வழுக்கிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் கட்டில் என்றார்கள்.

மலையில் சைக்கிள் ஓட்டும் எங்கள் கூட்டத்தார் பத்துப் பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வீடு திரும்பியபின் ஒருவரும் இல்லை. ஞாயிறுதோறும் முதல் ஆராதனை முடிந்ததும் என் வீட்டைத் தாண்டித்தான் மலைக்குப் போவார்கள். ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒரு சைக்கிள் மணிச்சத்தமும் இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை எடுத்துவிட்டிருந்தார்கள். நெஞ்சு கொதித்தது. புரளவும் முடியவில்லை. "ஆண்டவரே, கால் கிடக்கட்டும், எனக்கு ஒரு ஆளை அனுப்பும்" என்று சண்டை போடுவதுபோல் ஜெபித்தேன்.

அன்று மாலையே செல்வின் வந்தான். ஏற்றத்தில் எப்போதும் கடைசியாக வருகிறான் என்று நான் கேலி செய்த அதே செல்வின். என் ஹெல்மெட்டைத் திருப்பித் தர வந்தவன் திகைத்து நின்றான்.

"என்ன மக்கா, கண்ணு கலங்கிக் கெடக்கு?"

"என்னய வேண்டாம்னு வச்சிட்டியளா?"

"ஏலே, எங்க சத்தம் கேட்டா நீ வெசனப்படுவேன்னுதான நாங்க குரூப்புல இருந்தும் உன்னய எடுத்தோம், ஆத்துப்பாலம் சுத்தியும் போனோம்!"

பாசத்தில் செய்த முட்டாள்தனம். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுநாள் அவன் ஒரு வாளித் தண்ணீரையும் கூட்டத்தாரின் பஞ்சரான டியூப்களையும் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தான். "கை நல்லாத்தான இருக்கு? ஒட்டு." அதன்பின் தினமும் யாராவது வந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை என்னோடு சேர்ந்து செய்தார்கள். நான் எரிந்து விழுந்த நாட்களிலும் வந்தார்கள்.

கால் ஊன்றியது. பயம் போகவில்லை. டாக்டர் சம்மதித்த பிறகும், அந்தச் சரிவின் உச்சியில் பிரேக்கை விடாமல் நின்றுவிட்டேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. செல்வின் தன் சைக்கிளிலிருந்து இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள். பத்துப் பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு கீழே நடந்தார்கள். அடுத்த வாரமும் நடந்தார்கள். மூன்றாம் வாரம் நான் ஏறி உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் ஏற்றத்தில் செல்வினோடு கடைசியில்தான் வருகிறேன்.

ஒரு ஆளைக் கேட்டேன், பத்துப் பேரைத் தந்தார். நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். தெரிந்தவர் யாராவது விழுந்து கிடந்தால், தயவுசெய்து அவர் வீட்டு வழியாகவே போங்கள். மணி அடித்துக்கொண்டு போங்கள்.