இல்-பிசார் படகுத்துறையில் கேட்ட அறிவிப்பு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் மேசையை விட்டு முதலில் எழும்புகிற ஆள் நான்தான். அம்மா நாவூறு கழிக்க உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறவன். ஆகவே இதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், பக்கத்தில் ஒரு ஆள் இருக்க, என் மடியில் ஒரு கேக் இருக்க நடந்தது. சொல்லத் தொடங்கினால் எனக்கு இப்போதும் வேகமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானைச் சொல்லாமல் இது விளங்காது. நான் வளர்ந்தது மொன்றியலில். படிப்பு முடிந்த கையோடு இரண்டு வருடம் ஜப்பானுக்குப் போய் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். தோக்கியோ என்று நினைத்துவிடாதீர்கள். மணித்தியாலத்துக்கு ஒரு ரயில் வருகிற, சுற்றிவர மலை நிற்கிற சின்ன ஊர். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான், அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும்கூட வேறு யாரும் இல்லை.

அங்கே வெளிநாட்டுக்காரனின் வாழ்க்கை பாதி குப்பையிலேயே போகும். எரிக்கிற குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க இன்னொரு நாள். முதல் கிழமை நான் வைத்த பை பின்னேரம் என் வாசலிலேயே திரும்பி இருந்தது. இரண்டாம் கிழமையும் அப்படியே. மூன்றாம் கிழமை எனக்குக் கோபம் வந்து, பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபத்தெட்டு வயது மொரித்தா வெளியே வந்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, தனி ஆள். பையை அவிழ்த்து, உள்ளே கையை விட்டு, ஒரே ஒரு போத்தல் மூடியை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த நாள் காலை என் வாசலில் ஐந்து வெள்ளரிக்காய் இருந்தது.

அப்படித்தான் பழகினோம். நான் கோழிக்கறி கொடுத்தேன், அவர் கழுத்தில் எப்போதும் போட்டிருக்கிற வெள்ளைத் துவாயால் வேர்வையைத் துடைத்துத் துடைத்துக் கோப்பையைக் காலி பண்ணினார், பிறகு இரண்டு நாள் என் கண்ணில் படவே இல்லை. கோபம் என்று நினைத்தேன், வயிறாம். மலைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின் மதகுகளைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகும்போது இடது காலில் கறுப்புச் சப்பாத்து, வலது காலில் பச்சைச் சப்பாத்து, இரண்டும் முழங்கால் வரை வருகிற ரப்பர். ஏன் என்று கேட்டதற்கு, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுதானே ஓட்டை என்றார்.

இன்னொன்று. அந்த ஊர் முழுக்கக் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். நிலநடுக்கம், வெள்ளம் வந்தால் சொல்வதற்கு. அது வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் பின்னேரம் ஐந்து மணிக்குச் சிறுபிள்ளைப் பாட்டு ஒன்றின் மெட்டை மெதுவாகப் போடுவார்கள். சில நாட்களில் மெட்டு முடிய ஒரு பெண் குரல் வரும். மறதி வந்த வயதானவர் யாரோ வீட்டை விட்டுப் போய்விட்டார், இன்ன வயது, இன்ன உடுப்பு, கண்டால் அறிவியுங்கள் என்று. ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்தி, மலையில் பட்டு அது திரும்பி வந்து அடங்கிய பிறகுதான் அடுத்த சொல். இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

ஒப்பந்தம் முடிந்தது. வியட்நாம், லாவோஸ், இந்தோனேசியா என்று ஆறு மாதம் சுற்றுவதாகத் திட்டம் போட்டு, சைக்கிளையும் சோறு அவிக்கிற சட்டியையும் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். போகிற அன்று மொரித்தா வெளியே வரவே இல்லை, எனக்கு மனம் நொந்துபோனது. ரயில் அவருடைய தோட்டத்தைத் தாண்டும்போது பார்த்தால் வரம்பில் நின்று குனிந்து கும்பிடுகிறார். நான் எந்தப் பெட்டியில் என்று தெரியாததால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தரம் குனிந்தார். இரண்டு பெட்டிதான், என்றாலும் பாருங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். மொன்றியலுக்குத் திரும்பி இரண்டரை வருடம் இருக்கும். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் வேலை. என்னோடு அங்கே வேலை செய்கிறவர் தேவன் அண்ணை, வில்லரேயில் இருக்கிறார், அவருடைய காரில்தான் போய்வருவேன். கோடைகாலத்துச் சனிக்கிழமை ஒன்று. வேலை முடிந்து, லவாலில் அவருடைய அக்கா மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு பேருமாகப் போகிறோம். பாலத்தால் போனால் நெரிசல் என்று இல்-பிசார் தீவுக்குள் புகுந்து, அங்கிருந்து படகில் காரை ஏற்றி அக்கரைக்குப் போகலாம் என்றார் அண்ணை. எங்களுக்கு முன்னால் நாலு கார். வெய்யில் கொளுத்துகிறது, காரில் ஏசி இல்லை, என் மடியில் கேக்.

"அதைச் சரிக்காதை. சரிஞ்சால் அக்கா என்னைத்தான் தின்னுவா" என்றார் அண்ணை.

அப்போதுதான் கேட்டது. அந்த மெட்டு. முதலில் தலைக்குள் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் ஆற்றுப் பக்கமிருந்து, உயரத்திலிருந்து வருகிறது. காரின் மணிக்கூட்டைப் பார்த்தேன். சரியாக ஐந்து.

"அண்ணை, உங்களுக்குக் கேக்குதோ?"

"ஓம், ஐஸ்கிறீம் வான்தானே."

மெட்டு முடிந்தது. பெண் குரல் வந்தது, ஜப்பானிய மொழியில். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. வயது எண்பத்து மூன்று. ஆண். கழுத்தில் வெள்ளைத் துவாய். இடது காலில் கறுப்பு, வலது காலில் பச்சை. மூன்றாவது மதகுக்குக் கீழே, வாய்க்காலுக்குள் இருக்கிறார். ஒவ்வொரு சொல்லும் எதிரொலித்துத் திரும்பி வந்தது. இல்-பிசாரில் மலை எங்கே இருக்கிறது சொல்லுங்கள், சுற்றிவரத் தண்ணீரும் மரமும்தான்.

நான் திரும்பிய வேகத்தில் கேக் பெட்டி கதவில் இடித்தது. "ஆரோ பொம்பிளை கதைக்குது, பிரெஞ்சோ?" என்று அண்ணை கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆக, அவருக்கும் கேட்டது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், அவருக்கும் கேட்டது.

கொஞ்சம் யோசித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. காணாமல் போனவரைப் பற்றிய அறிவிப்பில் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லவே மாட்டார்கள். தெரிந்தால் ஏன் அறிவிக்கிறார்கள்?

ஜப்பானில் அப்போது ஞாயிறு காலை ஆறு மணி. யாருக்குப் போன் எடுப்பது? பாடசாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஹயாஷி ரீச்சரின் இலக்கம் இருந்தது. எடுத்தேன். நித்திரைக் குரலில் பேசினார். ஊரில் ஏதாவது அறிவிப்புக் கேட்டதா என்றேன். ஒன்றும் இல்லை என்றார். ஒலிபெருக்கியில் எனக்குக் கேட்டது என்று கனடாவில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? பைத்தியம் என்று வைத்துவிடுவார். அதனால் பொய் சொன்னேன்.

"மொரித்தா எனக்குப் போன் எடுத்தவர். மூன்றாவது மதகடியிலை விழுந்து கிடக்கிறாராம். தயவுசெய்து போய்ப் பாருங்கோ, இப்பவே."

வேறு ஒன்றும் கேட்கவில்லை அவர். கார்த் திறப்புச் சத்தம் கேட்டது.

படகு வந்தது. படகுக்காரன் "போன்ஜூர்" சொல்லிக் கையைக் காட்ட, அண்ணை காரை ஏற்றினார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"உனக்கு வெய்யில் அடிச்சிட்டுது. தண்ணியைக் குடி" என்றார். "அந்த மனிசி பாவம், ஞாயிறு விடிய எழுப்பி ஓட விட்டிருக்கிறாய்."

"உங்களுக்கும் கேட்டதுதானே?"

"எனக்குக் கேட்டது ஐஸ்கிறீம் வான்."

"ஐஸ்கிறீம் வானிலை பொம்பிளை ஏன் கதைக்கிறா?"

அக்கரையில் இறங்கி, மரநிழலில் நிறுத்தச் சொன்னேன். அண்ணை இறங்கிப்போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார், என்ன தேடினார் என்று சொல்லவில்லை. கேக்கின் ஒரு பக்கம் உருகி என் காற்சட்டையில் ஊறியது. இருபத்தைந்து நிமிடம், இருங்கள், அதற்கும் மேலே இருக்கும், போன் அடித்தது.

ஹயாஷி ரீச்சர் அழுதுகொண்டிருந்தார். கிடந்தாராம். மூன்றாவது மதகுக்குக் கீழே, இடுப்பளவு மலைத் தண்ணீருக்குள், தொடை எலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்து. விடியமுன் தோட்டத்துக்கு வந்தவர் வழுக்கி விழுந்திருக்கிறார். அம்புலன்ஸ் வந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். நான் "ஆள் தப்பிட்டார்" என்று கத்த, அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்க, இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று குதித்தோம். உண்மையாகவே குதித்தோம், ஐம்பத்திரண்டு வயது மனிதர் அவர்.

பிறகு ஹயாஷி ரீச்சர் மெதுவாகக் கேட்டார். "அவரிட்டைப் போன் இல்லை. வீட்டு மேசையிலை இருக்காம். அவர் உங்களுக்கு எப்பிடி எடுத்தவர்?"

நான் ஏதோ இழுத்தேன். அவரும் விட்டுவிட்டார். ஜப்பானில் அது ஒரு நல்ல பழக்கம், நீங்கள் சங்கடப்பட்டால் கேள்வியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் தற்செயல் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பத்து நாள் கழித்து மொரித்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வீடியோவில் பேசினார். மெலிந்திருந்தார், ஆனால் கண் பளிச்சென்றுதான் இருந்தது. அன்று தேவன் அண்ணையும் என் வீட்டில் இருந்தார், அந்த மனிதரைத் தானும் பார்க்கவேண்டும் என்று வந்தவர். பயந்தீர்களா என்று மொரித்தாவிடம் கேட்டேன்.

"தொடக்கத்திலை பயம்தான். ஏறிப்போவம் எண்டு பாத்தன், கால் விடேல்லை. பிறகு கம்பத்திலை இருக்கிற ஒலிபெருக்கி கதைச்சுது. ஒரு பொம்பிளை. ஊர்ப் பாஷை இல்லை. கடைசியிலை சொன்னதைப் பல தரம் சொன்னா, அதாலை ஞாபகம் இருக்கு."

சொல்லிக் காட்டினார். ஜப்பானிய வாயில் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன, என்றாலும் தவறாக விளங்க இடமில்லை. "தம்பி கேத்தித்தாரு. அசையாதேங்கோ."

தம்பி கேட்டிட்டார், அசையாதேங்கோ. நான் மொழிபெயர்க்கவில்லை, அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் பால்கனியில் நின்றுகொண்டார். இந்தக் கதையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பகிடி விட்டதே இல்லை.

என்னைத் தம்பி என்று கூப்பிட அந்த நாட்டில் யாருமே இருந்ததில்லை. அம்மாவோடு நான் போனில் பேசியது அவர் காதில் விழுந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், அண்ணையும் முதலில் அதைத்தான் சொன்னார். அம்மா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவா. அசையாதேங்கோ என்று நான் யாருக்குச் சொல்லியிருப்பேன்?

இப்போது மொரித்தா பொல்லுப் பிடித்து நடக்கிறார், மாதம் ஒரு தரம் பேசுவோம். போன மாதம், வெள்ளரிக்காய்க் கதை எல்லாம் முடிந்து போனை வைக்கப்போகிற நேரம், திடீரென்று, "அண்டைக்கு அவ முதலிலை நீளமாய் ஒண்டு சொன்னவ, அதிலை ஒரு சொல் ஞாபகம் வந்திட்டுது" என்றார். என்ன சொல் என்றேன். "பேந்து" என்றார். அது எங்கள் வீட்டுச் சொல், பிறகு என்று அர்த்தம் என்றேன்.

"பிறகு என்ன?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

அந்தப் பெண் அதைச் சொன்ன விதம் கேள்வி மாதிரி இருந்தது, பதிலுக்குக் காத்திருந்தது மாதிரியும் இருந்தது, சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று, வாய்க்காலுக்குள் இருந்தபடியே தலையைக் குனிந்து, என்ன கேட்கிறா என்று தெரியாமலே ஆம் என்று சொல்லிவிட்டேன் என்றார்.