மூக்கில் ஏறிய இருபத்தொரு வருடம்

இரண்டாயிரங்களின் நடுவில், துபாயில் இருந்தபோது, எனக்கு மூக்கு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது, கண்ணாடியும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. வாசனைதான் போனது. சைட்டில் ஜிப்சம் தூசிக்கு நடுவே ஒரு சளி பிடித்தது. அந்தச் சளி போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் ஒரு கட்டுமான நிறுவனத்தில் குவாண்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எத்தனை கதவு, எத்தனை டைல்ஸ், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று எண்ணிச் சொல்வது வேலை. வேலை முடிந்த பிறகும் எண்ணுவது நிற்காது. சிக்னலில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகளை எண்ணுவேன். அப்படிப்பட்டவனிடம் டாக்டர், "வாசனை வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இரண்டு 'லாம்'களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

காலையில் காபி குடிப்பதற்கு முன்பே மனைவி பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே நீட்டுவாள்.

"வருதா?"

"இல்லை."

"நல்லா இழுங்க. பயந்து பயந்து இழுத்தா எப்படி வரும்?"

பயம் உண்மைதான். கேஸ் கசிந்தால் தெரியாதே என்று அடுப்புத் திருகை ஓயாமல் போய்ப் பார்ப்பேன். சட்டை வியர்வை நாற்றம் அடிக்கிறதோ என்று ஆபீஸில் எல்லோரிடமிருந்தும் தள்ளியே நிற்பேன். மீன்குழம்பு வெறும் காரம், பாயசம் வெறும் இனிப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அறுபது முடிந்ததும் விசா முடிந்து ஊருக்குப் போகவேண்டும். மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படித்தான் சாப்பிடப் போகிறேனா என்பதுதான் என்னை அரித்த கேள்வி.

கராமா பகுதியில் இருந்த எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு ஜமைக்காக்காரர் குடியிருந்தார். எங்கள் கம்பெனியிலேயே சேஃப்டி ஆபீசர். நிலையில் தலை இடிக்கும் உயரம். யாரைப் பார்த்தாலும் "யெஸ் மான், நோ மான்" என்று பேசுவார். முதல்முறை அதைக் கேட்ட என் மனைவி லிஃப்டிலிருந்து இறங்கியதும் என் வயிற்றைப் பார்த்தாள். "யானைக்குட்டி மாதிரி இருக்கீங்க. உங்களைப் போய் மான்னு கூப்பிடறாரே, நல்ல மனுஷன்" என்றாள்.

அவர் லீவு முடிந்து திரும்பியபோது ஒரு பாட்டில் ரம் கொண்டுவந்தார். இருபத்தொரு வருடம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த ரம். எங்கள் ஆட்களுக்கு ரம் என்றால் மிலிட்டரி கேன்டீன் சரக்கு, கோக்கில் கலப்பது, சளி பிடித்தால் மிளகுத்தூள் போட்டு விழுங்குவது. இதை ஒருநாள் அவரிடம் சொன்னபோது ஹெல்மெட் போடாமல் சாரத்தில் ஏறியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். தங்கள் ஊரில் கரும்புப் பாகைப் புளிக்க வைத்து, செம்புப் பானையில் காய்ச்சி, பீப்பாயில் அடைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார்கள் என்றார். அந்த வெயிலுக்கு ஒவ்வொரு வருடமும் பீப்பாயில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்விடுமாம்.

"அதாவது சேதாரம்" என்றேன்.

"சேதாரம் இல்லை. அது தேவதைகள் குடிக்கும் பங்கு" என்றார்.

அவர்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். துபாயில் லைசென்ஸ் இல்லாமல் குடிக்க முடியாது, அது நியாயமான கேள்வி.

என் மூக்கின் கதையை அவரிடம் சொன்னது எங்கள் டிராஃப்ட்ஸ்மேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பிள்ளை என்றாலும் நாற்பது வயது. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் கொண்டுவந்த செய்தி இதுதான்: "அண்ணை, அந்த மனுசன் வாற வெள்ளி மத்தியானம் போத்திலைத் திறக்கப் போறாராம். உங்களைக் கட்டாயம் வரட்டாம். இதுக்கும் எழும்பாத மூக்கு பிறகு ஒண்டுக்கும் எழும்பாதாம்."

அந்தக் கடைசி வாக்கியம் என் தூக்கத்தைக் கெடுத்தது. பெருங்காயம் தோற்றால் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கலாம். இது தோற்றால் அதற்கு மேல் எதுவும் இல்லை என்கிறாரே.

வெள்ளி மத்தியானம் மூன்று பேரும் மேலே போனோம். மனைவி குடிக்க வரவில்லை, கண்காணிக்க வந்தாள். நான் உட்கார்ந்ததும் லைசென்ஸ் அவர் பெயரில், குடிக்கப்போவது நான், இது சரிப்படுமா என்று ஆரம்பித்தேன். அவர் லைசென்ஸ் கார்டை எடுத்து என் கையில் கொடுத்து, வேண்டுமானால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வைத்துக்கொண்டேன்.

மேஜையில் நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள், அடி பருத்து வாய் குறுகியவை. ரம்மை ஊற்றினார். நல்லெண்ணெய் நிறம். கிண்ணத்தைச் சுழற்றினால் உள்சுவரில் கோடு கோடாக இறங்கியது. என் கிண்ணத்தில் ஒன்பது கோடு. தண்ணீர் சில சொட்டு விடலாம் என்றார். விட்டது ஐந்து. மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு விளிம்பில் மெதுவாக இழுங்கள் என்றார்.

இழுத்தேன். மூக்கு எரிந்தது. அவ்வளவுதான். மறுபடியும் இழுத்தேன். எரிச்சல் இருந்தது, மணம் இல்லை.

"மணக்கேல்லையோ அண்ணை?" டிராஃப்ட்ஸ்மேன் மெல்லக் கேட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனுக்கு அறை முழுக்க மணந்துகொண்டிருந்தது.

  சரி, முடிந்தது, குடித்துவிட்டுக் கீழே போவோம் என்று நினைத்தேன். நினைத்தவன், பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் எப்படிக் குடிப்பேனோ அப்படியே குடித்தேன். அடுத்தவர் வீட்டுக் கிண்ணம், எச்சில் படக்கூடாது. அண்ணாந்து, கிண்ணத்தை உதட்டுக்கு மேலே ஒரு சாண் தூக்கி, ஒரே ஊற்றாக ஊற்றினேன்.

"நோ! நோ மான்!" என்று சேஃப்டி ஆபீசர் எழுந்தேவிட்டார்.

"ஐயோ அண்ணை, என்ன செய்யிறியள்? அது தண்ணியே?"

தொண்டைக்குள் இறங்கவேண்டிய ரம் பாதியில் மனம் மாறியது. புரையேறிவிட்டது. இருமினேன், தும்மினேன், மூக்குக்கண்ணாடி மேஜையில் விழுந்தது, கார்டு தரையில் விழுந்தது. மனைவி ஓடிவந்து உச்சந்தலையில் படபடவென்று தட்டினாள். "யாரோ நினைக்கிறாங்க, யாரோ நினைக்கிறாங்க!"

ஜமைக்காக்காரருக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? குடித்ததற்காகப் புருஷனை அடிக்கிறாள் என்று நினைத்து, "அம்மா, தப்பு என்னுடையது, நான்தான் கூப்பிட்டேன்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டு நடுவில் கையை நீட்டினார். இரண்டு தட்டு அவர் கையில் விழுந்தது.

அப்போதுதான் அது வந்தது. முன்வாசல் வழியாக இல்லை, தொண்டையிலிருந்து மூக்கின் பின்வாசல் வழியாக ஏறி வந்தது.

"வாழைப்பழம்" என்றேன்.

மனைவி தட்டுவதை நிறுத்தினாள்.

"தோல் கறுத்துப்போன நேந்திரம்பழம். இரண்டு... இருங்கள், பேசாதீர்கள்... கதவுக்கு அடிக்கும் பாலிஷ். மூன்று, கருப்பட்டிப் பாகு. நான்கு, ஆரஞ்சுத் தோல்!"

கையை மடக்கி எண்ணினேன். ஜாதிக்காய் ஐந்து. பூட்டிக் கிடந்த மர அலமாரி ஆறு. ஜமைக்காக்காரர் ஒவ்வொன்றுக்கும் மேஜையைத் தட்டினார். மறுபடியும் ஊற்றினார். இந்த முறை உதட்டில் வைத்து உறிஞ்சினேன். எச்சிலாவது ஒன்றாவது! ஏழாவதாக வந்ததற்குத்தான் சண்டை. நான் அன்னாசி என்றேன்.

"இல்லை அண்ணை, பிலாப்பழம். ஈ மொய்க்கிற பிலாப்பழம். நாறுது, ஆனா நல்லா நாறுது."

பழந்தமிழில் நாற்றம் என்றாலே நறுமணம்தான் என்று நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அழுகலும் அருமையும் ஒரே கிண்ணத்தில் இருப்பதற்கு அந்தப் பழைய சொல்தான் பொருத்தம். ஜமைக்காக்காரருக்கு மொழிபெயர்த்தபோது, தங்கள் ஊரிலும் நல்ல ரம்மைப் புகழ இப்படித்தான் நாறுகிறது என்பார்கள் என்று சந்தோஷப்பட்டார். மனைவி கிண்ணத்தை வாங்கித் தூரத்திலிருந்தே முகர்ந்து, "நெயில் பாலிஷ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் கைதட்டி, இந்த அம்மாவுக்குத்தான் இங்கே மூக்கு இருக்கிறது என்றார். அது எட்டு.

ஆனால் அவள் சும்மா விடவில்லை. "ரம் மட்டும் தெரிஞ்சா போதுமா? தெனம் இதையே ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? வேற ஏதாவது தெரியுதான்னு சொல்லுங்க."

 ஒருவேளை ரம்மோடு வந்தது ரம்மோடே போய்விடுமோ? கிண்ணத்தை வைத்துவிட்டு, எழுந்து, அறையை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. ஏசிக் காற்று. இன்னும் இழுத்தேன். எங்கிருந்தோ, தரையோரமாக, மெல்ல மெல்ல...

"தம்பி, உன் சாக்ஸ் நாறுகிறது!"

"நாலு மாசமா நாறுது அண்ணை! நீங்கள் ஒராள்தான் ஒண்டும் சொல்லாமல் பக்கத்தில இருந்தனீங்கள்!"

அவனைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கிண்ணம் ரம், ஒரு ஜோடி சாக்ஸ், அதற்குமேல் என்னால் அந்த அறைக்குள் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கராமாவின் நடைகூடம்! ஒவ்வொரு கதவுக்குக் கீழேயும் ஒரு அடுப்பு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. முதல் கதவு, ஹைதராபாத் பிரியாணி. இரண்டாவது, தேங்காயெண்ணெயில் வதங்கும் கறிவேப்பிலை. மூன்றாவது, வினிகரில் ஏதோ கொதிக்கிறது, கோவாக்காரர்கள். கதவுகளை இதுவரை எத்தனையோ ஆயிரம் எண்ணியிருக்கிறேன், முகர்ந்து எண்ணியது அன்றுதான். மனைவி பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மானமே போகுது, வாங்க! யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

நான்காவது கதவில் அப்படி ஒரு கருவாட்டு வாசம். நெருப்பில் போட்ட கருவாடு. நிலையோடு மூக்கை ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். கதவு திறந்தது.

கரண்டியோடு ஒரு பிலிப்பினோப் பெண். அவள் மூக்குக்கு நேராக என் மூக்கு. அவள் முகம் வெளுத்துவிட்டது. இந்த நாற்றத்துக்காக இதற்குமுன் எத்தனை பேர் வந்து சண்டை போட்டிருப்பார்களோ, "சாரி சார், சாரி, ஜன்னலைத் திறக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் பதறினாள்.

"திறக்காதே!" என்று நான் கத்தியதில் இன்னும் பயந்துவிட்டாள்.

மனைவி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவளிடம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் சேர்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "சாரி மேடம். டுடே ஒன்லி ஹிஸ் நோஸ் கேம்."

அந்தப் பெண் என் மூக்கை உற்றுப் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.