கப்பலில் வராத சீஸ்

காசிம் நானா இறந்த செய்தி திருகோணமலைச் சந்தையில், நான் வெண்டிக்காய் தெரிந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது. கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே சொன்னார்: "நீங்கள் முந்தி வேலை செய்த விடுதியில, சீஸ் கேஸில பிடிபட்ட கோக்கி ஒருத்தர் இருந்தவரெல்லே, கிண்ணியாக்காரர். முந்தநாள் மௌத்தாம்."

"அவர் ஒரு கேஸிலயும் பிடிபடேல்லை" என்றேன்.

"ஊரில அப்பிடித்தான் கதை" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

முப்பது வருடங்களுக்கு மேல் எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்ட ஒரு மனிதர். அவர் போன பிறகு ஊருக்கு நினைவிருப்பது ஒரு பொய் மட்டும். வெண்டிக்காயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் வாசியுங்கள். அந்தக் கதையை மட்டும் தெரிந்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அவர் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் பிறந்தவர். வெள்ளைக்காரக் கடற்படை இன்னும் எங்கள் துறைமுகத்தில் இருந்த காலத்தில், அவர்களுடைய அதிகாரி ஒருவரின் பங்களாக் குசினியில் வேலைக்குச் சேர்ந்து, மாவும் பட்டரும் கொண்டு செய்கிற சாமான்கள் எல்லாவற்றையும் அங்கேதான் பழகினார். அந்த அதிகாரி கப்பலேறும்போது கொடுத்த நற்சான்றிதழில் இவருடைய பெயர் பிழையாக இருந்தது. "பன்ரெண்டு வருசம் என்ட கையால தின்ட மனிசன், என்ட பேரைக் கேட்டு எழுதல்ல" என்று ஒருமுறை சொன்னார். அந்தக் கடதாசியை அவர் எவருக்கும் காட்டியதில்லை.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த விருந்தினர் விடுதியில் அவர் தலைமைக் கோக்கி. நான் முன் மேசையில் தட்டெழுத்தாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் கண்டது இது. மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி வேலைக்காரப் பையனைக் கூப்பிடுகிற மாதிரி இங்கிலீஷில் "போய், போய்" என்று மூன்று தரம் கூப்பிட்டார். காசிம் நானாவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அவர் அசையவில்லை. நாலாம் தரம் துரை எழும்பி நின்று கத்தியபோது, மெதுவாகப் போய், "காசிம், சேர்" என்றார். அதற்குப் பிறகு அந்தத் துரை எப்போது வந்தாலும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

பங்குனி, சித்திரையில் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் மலைநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் குடும்பங்கள் இறங்கி வரும். உயிர்த்த ஞாயிறன்று கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்புகிறவர்களுக்கு விடுதியில் பத்து மணிக்கு ஒரு விருந்து. காலைச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது, மத்தியானச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது. அந்த விருந்தில் எல்லாரும் காத்திருந்தது காசிம் நானாவின் உப்பு டார்ட்டுக்காக. பட்டர் போட்டுப் பிசைந்த மாவை மெல்லியதாகத் தட்டித் தகரத் தட்டில் பரப்பி, பாதி வேகவைத்து, அதன்மேல் சீஸை உதிர்த்துப் போடுவார். செங்காயாக இருக்கிற மாம்பழத்தை மெல்லிய துண்டுகளாகச் சீவி, உப்புப் போட்டுப் பிழிந்து, மிளகும் கொஞ்சம் பச்சைமிளகாயும் பிரட்டி அடுக்குவார். பிறகு முட்டையும் பாலும் அடித்து ஊற்றிப் போறணை அடுப்புக்குள் வைப்பார். முழுக்கப் பழுத்த மாம்பழத்தை ஆர் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடமாட்டார். "இனிப்பு வேணுமெண்டா புடிங் தின்னட்டும். இது புளிப்பும் உப்பும் சேர்ந்த சாமான்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் தடைபோட்டு வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றது. காலைச் சாப்பாட்டுப் பாணுக்கே வரிசையில் நின்ற காலம், சீஸுக்கு எங்கே போவது? டார்ட்டை விட்டுவிடச் சொன்னார் விடுதி முதலாளி. காசிம் நானா விடவில்லை. அடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து, தன் தங்கச்சியின் எருமைகளில் கறந்த பாலை ஒரு பெரிய கேத்தலில் கொண்டுவந்தார். பாலைத் தயிர் விட்டுப் புளிக்கவைத்து, மெல்லிய சூட்டில் திரையவிட்டு, துணியில் கட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார். பிறகு உப்புத் தண்ணீர் நிறைத்த மண்சட்டியில் போட்டு மூடினார்.

முதல் தரம் வாயில் வைத்ததும் நாற்றம் தாங்க முடியாமல் குசினியை விட்டே ஓடினோம். இரண்டாம் தரம் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மூன்றாவதை அவர் ஒரு கத்தி நுனியில் எடுத்து எனக்கு நீட்டினார். உப்பும் மெல்லிய புளிப்பும் பாலின் கொழுப்பும் நாக்கில் சேர்ந்தே வந்தன. மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்த ஆள் நான். இதை நினைவில் வைத்திருங்கள்.

அந்த வருட உயிர்த்த ஞாயிற்று விருந்துக்கான சாப்பாட்டு அட்டையை நான்தான் தட்டெழுதினேன். "என்ட பேரைப் போட வேணாம் தங்கச்சி. கிண்ணியாப் பால்ல செஞ்ச சீஸ் எண்டு மட்டும் போடுங்க" என்று காசிம் நானா கேட்டார். போட்டேன். முதலாளி அட்டையைக் கையில் எடுத்து வாசித்தார், அவரைக் கூப்பிட்டு உண்மைதானா என்று விசாரித்தார், ஒரு துண்டு சீஸ் வரவழைத்துத் தின்றார், நல்லாயிருக்கிறது என்றார். பிறகு தன் பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினார். கிண்ணியா என்று கண்டால் வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்களாம்.

விருந்துக்குக் கொழும்பிலிருந்து சுங்க இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, இப்படியான சீஸ் நாட்டுக்குள் எப்படி வந்தது என்று முதலாளியைக் கேட்டார். வெளியே துறைமுகத்தில் கப்பல்கள் நின்றன. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. ஒரு வசனம் சொன்னால் போதும். இது இங்கேயே செய்தது என்று அவருக்குத் தெரியும், தானே சுவை பார்த்தவர். ஆனால் அவர் சொன்னது: "குசினியில என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது சேர்."

மத்தியானத்துக்குள் விசாரணை தொடங்கிவிட்டது. மண்சட்டி முன் மேசைக்கு, என் தட்டெழுத்துப் பொறிக்குப் பக்கத்தில் வந்தது. எந்தக் கப்பலில் வந்தது என்று அதிகாரி கேட்டார்.

"கப்பல்ல வரல்ல சேர். என்ட தங்கச்சிட எருமையில வந்தது."

சிரித்தார்கள். நீங்கள் தயிர் போடுகிற ஆட்கள், உங்களுக்கு ஏது சீஸ் என்று அதிகாரி சொன்னார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார். ஒரு மனிதர் களவெடுத்திருப்பார் என்று நம்ப அவர்களுக்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. அவர் ஒன்றைச் செய்திருப்பார் என்று நம்ப அவர்களால் முடியவே இல்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்பா படுக்கையில். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது காரணமே தவிர நியாயம் இல்லை. "நான் முன் மேசையில இருக்கிறனான். குசினிக்குள்ள போறேல்லை" என்றேன்.

காசிம் நானா என் பக்கம் திரும்பவில்லை.

அவரைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய் மறுநாள் பின்னேரம் விட்டுவிட்டார்கள். ஒன்றும் நிரூபிக்கவில்லை, வழக்கும் இல்லை. ஆனால் முதலாளி அன்றே வேலையால் நிறுத்தினார். மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு, வெள்ளைத் துணியில் சுற்றிய புதுச் சீஸோடு அவர் விடுதி வாசலில் வந்து நின்றார். உள்ளே விடச் சொல்லிக் கேட்கவில்லை, இதைத் தின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். முதலாளி தொடக்கூட இல்லை. கப்பலில் வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வர எவருக்கும் ஏலும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் தலையைக் குனிந்து தட்டெழுதிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் கடைகளில் வெளிநாட்டுச் சீஸ் தகரத் தகரமாக அடுக்கியிருக்கிறது. எந்தக் கப்பலில் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வெளிநாட்டுச் சாமான்களைத் திரும்ப இறக்கவிட்ட முதல் வருடம் முதலாளி கார் அனுப்பி, உயிர்த்த ஞாயிற்றுக்கு வந்து டார்ட் செய்து தரச்சொல்லிக் கேட்டாராம். மன்னிப்பு என்ற சொல் அந்தச் செய்தியில் இருக்கவில்லை. காசிம் நானா சாரதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காரைத் திருப்பி அனுப்பினார். முதலாளி இதை வாசிக்கக்கூடும். வாசிக்கட்டும். அவர் வெட்டிய வரியை நான் தட்டெழுதியவள்.

காசிம் நானா அப்போது கிண்ணியாத் துறையடியில், பாதைப் படகு வந்து சேருகிற இடத்தில், சின்னத் தேநீர்க்கடை வைத்திருந்தார். நான் விடுதியை விட்டு, கலியாணம் முடித்து, ஆறு வருடங்கள் கழித்துத்தான் அங்கே போனேன். படகில் ஏறும்வரை வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவரைக் கண்டதும், அன்றைக்கு நான் பொய் சொன்னேன், பயத்தில் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி சொன்னது எனக்குப் பெரிசா நோகல்ல. அவர் அப்பிடித்தான். நீங்க மூணு சீஸையும் தின்டு பார்த்த ஆள். நீங்க சொன்னதுதான் தங்கச்சி எனக்கு நொந்த."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் அழுதபோது அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய், பிள்ளைகளுக்கென்று காலையில் செய்த டார்ட்டில் ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, எனக்கு முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் முழுக்கச் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பவில்லை.

செய்முறை எனக்குத் தெரியும். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது அல்ல. ஒரு பொய்யான ஆறுதலைச் சொல்லி என்னை லேசாக்கி அனுப்ப அவருக்கு ஒரு நொடி போதும். அவர் அதைச் செய்யவில்லை. எனக்கு நொந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், பிறகு எனக்குச் சாப்பாடு தந்தார். அந்த இரண்டையும் நான் வைத்திருக்கிறேன்.