மூன்றாம் பாகத்தை நான் வென்ற விதம்

மேடைப் பேச்சில் நான் பெற்ற கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு தட்டுகளை நிறைத்து நிற்கின்றன. அவற்றுள் எதைச் சுட்டிக் கேட்டாலும், எதிரணியில் நின்றவர் யார், எந்த வாதத்தில் அவர் சறுக்கினார், மணி அடிக்க எத்தனை நொடி இருக்கையில் நான் முடித்தேன் என்பது வரை ஒன்று விடாமல் சொல்வேன். கோப்பை இல்லாத வெற்றி ஒன்றும் எனக்கு உண்டு. ஏழாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் வீட்டுப் பின்னறையில், ஒரு பழைய கணினியின் முன்னால் அது கிடைத்தது. அதைப் பற்றி இதுவரை நான் எந்த மேடையிலும் பேசியதில்லை.

திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர் முடியும் இடத்தில் எங்கள் நெல்வயல் தொடங்கியது. அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கூட்டாகப் பயிரிட்டு, ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தங்கை, என் அத்தை. பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவர், ஒரு பெட்டியோடு திரும்பி வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஏன் வந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. நெல் மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டார்; வந்த மாதமே தொழிற்பேட்டையில் தகடு வெட்டி வளைக்கும் ஒரு சிறு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். செய்ய வேண்டிய பொருளைக் கணினியில் வரைந்து தருவது அவர் பணி. பட்டறை முதலாளிக்கு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதில் நம்பிக்கை இல்லை. ஆகவே அங்கே எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் நடந்தது. அதை அத்தை தாமாகவே பழகிக்கொண்டார். புதிய கணினி வந்தபோது பழையதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

கணினி ஒன்று, கேட்டவர்களோ பலர். பெரியப்பாவின் மகனாகிய அண்ணனுக்கு விளையாட்டுகளோடு கூடிய விண்டோஸ் வேண்டியிருந்தது. அத்தைக்கு வரைபட வேலைக்கு லினக்ஸ் வேண்டியிருந்தது. இரண்டும் கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்னும் ஒரே வட்டில் குடியிருக்க வேண்டுமானால் வட்டைப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதை வேடிக்கை பார்க்க நான் ஒரு நெல் மூட்டையின்மேல் ஏறி அமர்ந்தேன்.

“தோ பாரு பாப்பா, டிஸ்க்கோட தலமாட்டுல ஒரு சின்ன லிஸ்ட் கீது. அதுல நாலே வரிதான். ஒவ்வொரு வரியிலயும் எங்க ஆரம்பம், எங்க முடிவு, உள்ள இன்னா ரகம்னு ஒரு நம்பரு. அவ்ளோதான். கோடெல்லாம் டிஸ்க்குல போடல. அந்த லிஸ்ட்லதான் கீது” என்றார் அத்தை.

முதல் வரியும் வட்டின் பெரும்பகுதியும் விண்டோஸுக்குப் போயின, அது அண்ணனுடையது. இரண்டாம் வரி லினக்ஸுக்கு. நான்காவதாக எஞ்சிய சிறு துண்டில் அத்தை தம் வரைபடங்களை வைத்துக்கொண்டார். இடையில் இருந்த மூன்றாம் வரிக்கு எண்பத்திரண்டு என்ற ரக எண்ணை இட்டு, அதன் பெயர் ஸ்வாப் என்றார்.

“எனக்கு?” என்றேன்.

நியாயமான கேள்விதான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் சம உரிமை என்னும் தலைப்பில் அப்போதுதான் முதற்பரிசு பெற்றிருந்தேன். என் உரைகளைத் தட்டச்சு செய்து காலத்துக்கும் பாதுகாக்க ஓரிடம் எனக்கும் தேவைப்பட்டது.

அத்தை திரையில் நான்காம் வரியைத் தொட்டுக் காட்டினார். “நாலாவத ஒரு பெரிய வேலியா ஆக்கிக்கினு உள்ளாற ரெண்டா வெட்டிக்கலாம். உள்ள வெட்டுறதுக்கெல்லாம் அஞ்சுலேருந்துதான் நம்பரு வரும். எனக்கு அஞ்சு, உனக்கு ஆறு.”

ஆறு! வரிகள் நான்குதாம் என்று சற்று முன்புதான் சொன்னார். அவற்றுள் ஒன்றில்லாமல், இன்னொருவருடைய வேலிக்குள் ஆறாம் எண்ணோடு குடியிருக்க நான் என்ன இளைத்தவளா? அத்தை தாமும் அதே வேலிக்குள் ஐந்தாம் எண்ணாக இறங்கச் சம்மதித்தார் என்பது என் காதில் விழவே இல்லை. மூட்டையிலிருந்து இறங்கி நின்றேன். அண்ணனை நடுவராக நியமித்தேன். வீட்டார் பேசும் பேச்சை விலக்கிவிட்டு மேடைத் தமிழுக்கு மாறினேன்.

“நடுவர் அவர்களே! மூன்றாம் பாகம் யாருடையது என்று எதிரணியைக் கேட்கிறேன்.”

“ஐயே, ஆரம்பிச்சிட்டாடா” என்றான் நடுவர்.

அத்தை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். “அது யாருதும் இல்ல பாப்பா. இந்த மெஷினுக்கு மெமரி கம்மி. ஒரு வேலைய பாத்துக்கினு இருக்கும்போது இன்னொண்ணு பெரிசா வந்துச்சுன்னா, கையில கீறத எங்கியாவது எறக்கி வெச்சாதான ஆவும்? அதுக்குத்தான் அந்த எடம். அப்பறம் வோணும்னா திரும்பி எடுத்துக்கும்.”

“இந்த நிமிடம் அதில் என்ன இருக்கிறது?”

“இப்ப ஒண்ணியும் இல்ல.”

எதிராளி தாமாகவே வந்து மாட்டிக்கொள்ளும் இடம் எதுவென்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். “ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நடுவர் அவர்களே! பெயரில்லை; கோப்பில்லை; எனதென்று சொல்ல ஆளில்லை. காலியாகக் கிடக்கும் இடத்துக்குக் காவல் எதற்கு? உள்ளவளுக்கு ஆறாம் எண், இல்லாததற்கு மூன்றாம் எண்ணா?”

வாசற்படியிலிருந்து கைதட்டல் கேட்டது. மோட்டார் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா நின்றிருந்தார். “சூப்பரா சொன்ன பாப்பா! சும்மா கெடக்குற எடத்த கேக்க ஆளு வோணும்ல! தங்கச்சி, இதுக்கு இன்னா சொல்ற?”

அத்தை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரையின் பக்கம் திரும்பினார்.

“சரி. எடுத்துக்கோ.”

“அத்த அவுட்டு!” என்று நடுவர் தீர்ப்பளித்தான்.

மூன்றாம் வரியின் ரக எண் எண்பத்திரண்டு, கோப்புகள் வைக்கும் ரகமாகிய எண்பத்து மூன்றாக மாறியதை என் கண்ணால் கண்டேன். அதோடு முடிந்தது என்று எண்ணி விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினேன். அத்தை தடுத்தார். “நம்பர மாத்துனா மண்ணு மாறிடாது. மறுக்கா உழுவணும்.” இன்னும் இரண்டு ஆணைகளை அடித்து அந்த இடத்தைப் பண்படுத்தித் தந்தார். அன்று மாலையே என் மூன்று உரைகளும் அங்கே குடியேறின. ஊரளவு இடத்தில் மூன்று குருவிகள் அமர்ந்ததுபோல் இருந்திருக்கும். எனக்கு அது அரண்மனையாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில் வீட்டில் வேறொரு பிரிவினையும் நடந்துகொண்டிருந்தது. தொழிற்பேட்டைப் பக்கம் நிலத்தின் மதிப்பு கூடக்கூட, கூட்டுப் பயிர் போதும், அவரவர் பங்கை அவரவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று அப்பாவும் பெரியப்பாவும் முடிவு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லாரும் திருவள்ளூர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அத்தைக்கென்று தனியே ஒரு விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது: நிலத்தில் தமக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுப்பது. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் எழுதிக் கொடுப்பதுதான். அதில் அன்று எனக்கு வியப்பொன்றும் இல்லை. பெரியப்பா எல்லாருக்கும் ஓட்டலில் காலை நாஷ்டா வாங்கித் தந்தார். பத்திரம் முழுவதையும் படித்தவர் அத்தை ஒருவரே. சர்வே எண்களையும் நான்கு பக்க எல்லைகளையும் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

“இன்னாம்மா, எல்லாம் சரியா கீதா?” என்று பெரியப்பா கேட்டார்.

“எல்லையெல்லாம் சரியாதாண்ணா கீது” என்று சொல்லி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். அவருடைய கையெழுத்து மிக அழகானது. அரசாங்கப் பத்திரத்தில் அவர் பெயர் ஏறுவதை எண்ணி நான் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் அத்தை கணினியின் முன் அமர்ந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் வரைபடப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒரு முழு இயந்திரத்தையும் ஒரே தாளில் வரைந்து திங்கட்கிழமை காலையில் ஃப்ளாப்பியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், கிடைத்தால் அங்கேயே பெண்கள் விடுதியில் தங்கிக்கொள்ளலாம் என்று அவர் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அடுப்படியில் அம்மா, “போய்டு. யோசிக்காத” என்றதும் கேட்டது.

பாதி இயந்திரம் வரைந்ததும் வரைபடச் சன்னல் திரையிலிருந்து சட்டென மறைந்தது. மறுபடி தொடங்கினார். நண்பகலில் மறுபடியும் மறைந்தது. பட்டறைக்குப் போய் வரையலாம் என்றால் ஞாயிறன்று அது பூட்டிக் கிடக்கும். அத்தை கையிலிருந்த ஃப்ளாப்பிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, மெமரி பத்தாம நின்னு நின்னு போவுது. அந்த மூணாவது பாகத்த இன்னிக்கி ஒரு நாளு மட்டும் குடுக்கிறியா? உன்னுத அப்பிடியே ஃப்ளாப்பியில போட்டு பத்திரமா வெக்கிறேன். நாளைக்கி சாயங்காலம் திரும்ப உழுது குடுத்துடறேன்.”

கொடுத்திருக்கலாம். எனக்கு நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வென்ற தலைப்பை இரண்டாம் முறை விவாதத்துக்கு எடுப்பது முறையன்று என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

“தீர்ப்பான பிறகு கேட்பது அறமாகுமா, அத்தை?”

“ஆவாதுதான்” என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணினியில் எதையும் மாற்றும் கடவுச்சொல் அவரிடம் மட்டுமே இருந்தது. என்னைக் கேட்டிருக்கவே வேண்டாம். நான் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு ஆணைகளில் என் அரண்மனையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் அதைச் செய்யவில்லை. தம்முடைய நான்காம் பாகத்தைத் திறந்தார்.

என் பாகத்தைத் தொட்டுவிடுவாரோ என்ற ஐயத்தில் நான் கைகட்டிப் பின்னால் நின்று காவல் காத்தேன். மூன்றாண்டுகளில் அவர் வரைந்த படங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தார், பார்த்தார், மூடினார், அழித்தார். கதவுக் கீல். மோட்டாரின் மூடி. மாவு அரைக்கும் இயந்திரத்துக்கு ஒரு புது வகைப் பிடி. அதைச் சற்று அதிக நேரம் பார்த்தார். ஒவ்வொன்று அழிந்ததும் எவ்வளவு இடம் சேர்ந்தது என்று கேட்டு ஒரு வரி அடித்தார். ஒவ்வொரு முறையும் போதவில்லை போலும். இருந்தவை இரண்டே ஃப்ளாப்பிகள், ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு. மற்றொன்றில் எதையோ ஏற்றிப் பார்த்தார், கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு வீட்டின் படம் வந்தது. சிறு வீடுதான், ஓர் அறை, சமையலறை, இரண்டு பக்கம் சன்னல், வாசலில் தண்ணீர்க் குழாய். அளவுகள் எல்லாம் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தன.

“யாரு ஊடு அத்த இது?”

“நம்ப நெலத்துல ரோட்டு மூலையில கட்டுனா எப்பிடி இருக்கும்னு போட்டுப் பாத்தது.”

“நல்லாத்தான கீது? ஏன் அழிக்கிற?”

“எடம் வோணும்ல பாப்பா.”

அழித்துவிட்டுச் சில ஆணைகளை அடித்தார். அவற்றின் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி ஆய்வகத்தில், இறக்கி வைக்கும் இடத்துக்குத் தலைமாட்டுப் பட்டியலில் தனி வரி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஒருவர் தம் பாகத்துக்குள்ளேயே அந்த அளவு இடத்தைக் காலி செய்து, அதையே ஸ்வாப் ஆக்கிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் பலகையில் எழுதியபோது, கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு வகுப்பு முடியும்வரை நான் எதையும் எழுதவில்லை.

திங்கட்கிழமை அத்தை முதல் பஸ்ஸில் பெரியபாளையம் வழியாகப் போனார். வேலை கிடைத்தது. அந்த மாதமே, வந்தபோது கொண்டுவந்த பெட்டியோடு விடுதிக்குக் குடிபோனார். ஆனால் அவையெல்லாம் பின்னால் நடந்தவை. ஞாயிறு மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அத்தை வரைபடத்தை மறுபடி திறந்தார். இயந்திரத்தின் பாதி வந்தது, முக்கால் வந்தது, சன்னல் மறையவில்லை. வட்டின் சிறு விளக்கு மட்டும் விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஆட்கள் களம் பெருக்கி முடித்த நேரத்தில் முழு இயந்திரமும் ஒரே தாளில் நின்றது. அதை ஃப்ளாப்பியில் ஏற்றி, வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. என் பார்வை முழுவதும் திரையின்மேல் இருந்தது.

“பாத்தியா அத்த? அந்தப் பாகம் இல்லாமலே ஓடுது. நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“ஆமா பாப்பா” என்றார் அத்தை. “ஓடுது.”

எதிரணியே ஒப்புக்கொண்டுவிட்டது என்று நடுவரிடம் சொல்ல நான் களத்துக்கு ஓடினேன்.