இரண்டு நிறப் பட்டை

மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகன் போனில் அழைத்தான்.

"யம்மா, நம்ம எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறவனின் குரல். பின்னால் பேருந்தின் இரைச்சல். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். "கேக்குறது யாருலே?" என்றேன். வேறோர் ஆண் குரல், அவசரமே இல்லாமல், "யாருட்டடே பேசுத? இங்கன குடு" என்றது. அதோடு இணைப்பு போய்விட்டது. திரும்ப அழைத்தேன். போன் அணைக்கப்பட்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் பதற என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால், அவருக்கு ஊரைத் தெரிந்துகொள்ள ஆசையில்லை. ஊர் தெரிந்தால் தெருவைக் கேட்பார். தெரு தெரிந்துவிட்டால் நீங்கள் எந்தச் சாதி என்பது தெரிந்துவிடும். யாரும் யாரிடமும் நேராகக் கேட்பதில்லை. கல்யாண வீட்டிலும் ரயிலிலும் அது பேச்சை ஆரம்பிக்கிற வழி. பேருந்தில், இருபது வயதுப் பையனிடம், போனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டால் அது வேறு.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. கேஸ் வாடை வந்த பிறகுதான் அடுப்பைத் திருகி மூடினேன்.

அந்த நிமிடம்கூட எனக்குக் கடிகாரம் நினைவுக்கு வரவில்லை.

கடிகாரம் வாங்கியே ஆக வேண்டும் என்று நின்றவள் நான்தான். மகன் டிப்ளமா முடித்துவிட்டு, கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தான். அங்கே போனை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டு வேளை, தேநீர் வேளை எல்லாம் மணிக் கணக்கு. முதல் வாரமே இரண்டு தடவை தாமதமாகத் திரும்பி ஏச்சு வாங்கினான். போன் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கையில் மணி பார்க்கிற பழக்கமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போனேன். ரத வீதியை ஒட்டிய சந்தில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை.

மகனுக்கு ஸ்மார்ட் வாட்ச் வேண்டும். "அதுல நடக்குறதெல்லாம் கணக்கு காட்டும்மா" என்றான்.

"அதையும் வாசல்ல புடுங்கி வச்சிக்கிடுவான்" என்றேன்.

பெரிய வட்ட முகம் வைத்த ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்தான். கடைக்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, கழட்டிருங்க. தோசைக்கல்லக் கட்டுன மாதிரி இருக்கு. கை எங்க இருக்குன்னு தேடணும்."

அவருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல வியாபாரி. பையன்களுக்குத் தினப்படி கட்ட வாங்கும்போது முகம் மணிக்கட்டைத் தாண்டக் கூடாது, எண்கள் பெரிதாக இருக்க வேண்டும், முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் நல்லது என்றெல்லாம் சொன்னார். நடுத்தரமான ஒன்றை நானே தேர்ந்தெடுத்தேன். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், தேதி காட்டும். மகனுக்கும் பிடித்துவிட்டது. பட்டைதான் பாக்கி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு உலோகச் சங்கிலி ஆகாது. எங்கள் ஊர் வெயிலுக்குத் தோல் பட்டை ஒரு மாதத்தில் நாறும். ரப்பர் அவனுக்குத் தடிப்பு வரவழைக்கும். மிஞ்சியது நைலான் துணிப் பட்டை. கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் கறுப்பை எடுத்து வைத்தார். பக்கத்தில் இரண்டு நிறங்கள் நீளவாக்கில் ஓடுகிற ஒரு பட்டை தொங்கியது. அவன் போடுகிற சீருடை சாம்பல் நிறம். கையிலாவது கொஞ்சம் நிறம் இருக்கட்டுமே என்று அதைக் கேட்டேன்.

"கருப்பு எடுங்கக்கா. அழுக்கு தெரியாது."

"அழுக்கு தெரிஞ்சாத்தான் தொவைப்பான்."

மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "தம்பி கம்பெனி வண்டியில போறாப்லயா, பஸ்ஸா?" என்று கேட்டார்.

"பஸ்தான்."

"கருப்பே இருக்கட்டும்கேன்."

தேங்கிப்போன சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பட்டையைக் கொக்கியிலிருந்து நானே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதன் பிறகு அவர் ஒரு தடவை, "நீங்க எந்த ஊருக்கா?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். "சொந்த ஊரு?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். பட்டையை மாட்டி, மகனின் கையில் அவரே கட்டிவிட்டார்.

நான் ஒன்றும் தெரியாதவள் அல்ல. இந்தப் பக்கத்துப் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டுவதும், அதனால் பள்ளிக்கூட வாசலில் அடிதடி நடப்பதும் எனக்குத் தெரியும். மகன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கயிறு கட்டி வரக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்கள். கோயிலில் கட்டிய கயிற்றைக்கூட அன்றே நானே கத்தரித்துப் போட்டேன். ஆனால் எந்த நிறம் யாருடையது என்று நான் தெரிந்துகொண்டதே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலே வாழ்ந்துவிட முடிகிற வீட்டில் பிறந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கயிறு என்றால் கயிறு. கடிகாரப் பட்டை எப்படிக் கயிறாகும்?

புதுக் கடிகாரத்தோடு வேலைக்குப் போன வாரமே மகன் ஒரு சேதி சொன்னான். பேருந்தில் ஒருவன் அவனுக்கு இடம் போட்டு வைக்கிறானாம். அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்.

"எனக்கு முன்னப்பின்னத் தெரியாதும்மா. என் கையப் பாத்தான், சிரிச்சான், 'மாப்ள, இங்கன உக்காரு'ன்னு நகந்து உக்காந்தான்."

"நல்ல பையனா இருப்பான்" என்றேன். சிநேகிதம் கிடைத்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி. சின்ன வயதிலிருந்தே அவன் தானாகப் போய் யாரிடமும் ஒட்டமாட்டான்.

பிறகு இன்னொன்றும் சொன்னான். அதே பேருந்தில் வேறொருவன் தினமும் அவனிடம் மணி கேட்கிறானாம். "கைல போன வச்சிக்கிட்டு மணி கேக்கான்மா. நான் கையத் திருப்பிக் காட்டுனா முள்ளப் பாக்கல, பட்டையப் பாக்கான். லூசுப்பய." அதைச் சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். நானும் சிரித்தேன். இன்றைக்கும் சாப்பாட்டு மேஜையில் அந்த இடத்தில் உட்கார என்னால் முடிவதில்லை.

அன்று மாலை மகனின் போன் அணைந்துபோன பிறகு கணவரை அழைத்தேன். அவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வார இறுதியில்தான் வருவார். அந்த மாதம் வேலை மிகுதியால் வரவில்லை. கடிகாரம் வாங்கியது தெரியும், பார்த்ததில்லை. மகன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். கையில் கயிறு ஏதும் கட்டியிருந்தானா என்று கேட்டார். இல்லை, கடிகாரம்தான் என்றேன்.

"பட்டை என்ன கலரு?"

சொன்னேன்.

அந்த இரண்டு நிறங்களையும் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த நிறத்துக்காரர்கள் யார், அடித்தவர்கள் யார், நாங்கள் யார் என்று படிக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். நானே படித்தாலும் போடுவேன்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயா?" என்றார் கணவர். ஆமாம் என்றேன்.

"ஏட்டி, கயிறு கட்டக் கூடாதுன்னு சொன்னதுலேருந்து பயலுவ சாதிக் கலர வாட்ச் பட்டையிலயும் கர்ச்சீப்புலயும்தான கட்டிட்டுத் திரியுதானுவ. அந்த ரோட்டுல ரெண்டு ஊர்க்காரனுக்கும் போன கோயில் கொடைத் திருவிழாவுலேருந்து ஆகாது." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "நான் பைக்க எடுத்துட்டு வாரேன். நீ வீட்டுலயே இரு. வெளிய போயி யாருட்டயும் விசாரிக்காத."

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். முகவரிக்காகத்தான் கேட்டிருப்பார். ஆனாலும் போனை வைத்துவிட்டேன்.

பிறகு கடைக்காரரின் எண்ணைத் தேடி அழைத்தேன். ஏன் அவரை அழைத்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. யாராவது ஒருவர் அது வெறும் பட்டைதான் என்று சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கும். நான் இன்னார் என்று சொன்னதும் அவர் கேட்டது, "பையன் வந்துட்டாப்லயா?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கருப்பு எடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? இது யாவாரம் பண்ணுத எடம்க்கா. எல்லாரும் வருவாங்க. இன்னார் கலருன்னு நான் வாயத் தொறந்து சொல்ல முடியுமா?" குரலைத் தாழ்த்தி, "யக்கா, எங்கடையில வாங்குனதுன்னு மட்டும் யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. எந்த வண்டி திரும்பினாலும் எழுந்தேன். பக்கத்து வீட்டம்மாள் கோலப்பொடி டப்பாவோடு வந்து, "என்ன மதினி, விளக்குகூடப் போடாம?" என்றார். தலைவலி என்றேன். இத்தனை வருடம் பழகியவரிடம்கூடச் சொல்ல முடியவில்லை. அவர்கள் எந்தச் சாதி என்பதை அன்றுதான் முதல்தடவையாக யோசித்துப் பார்த்தேன். யோசித்ததும் உடம்பு கூசியது.

மகன் ஆட்டோவில் வந்து இறங்கினான். சட்டைப் பை கிழிந்திருந்தது. தோளில் ரத்தம். ஓடிப்போய்த் தடவிப் பார்த்தேன், எங்கும் காயம் இல்லை. "என் ரத்தம் இல்லம்மா" என்றான்.

தண்ணீர் குடித்த பிறகு சொன்னான். தினமும் மணி கேட்கிறவன் அன்று இரண்டு பேரோடு வந்திருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். இவனுக்கு எது சரியான பதில் என்று தெரியவில்லை. எதையோ சொல்லப் போய் வம்பாகிவிடக் கூடாதே என்று எனக்குப் போன் செய்திருக்கிறான். அது அவர்களுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி தெரிந்திருக்கிறது. நடுவழி நிறுத்தம் ஒன்றில் சட்டையைப் பிடித்து இறக்கியிருக்கிறார்கள். இடம் போட்டு வைக்கிற பையன் பின்னாலேயே குதித்திருக்கிறான். "நம்ம பையன் மேல கை வைக்காதியலே" என்று குறுக்கே விழுந்திருக்கிறான். இவன் தலைக்கு வந்த கம்பி அவன் தலையில் இறங்கியது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடி வந்ததும் அடித்தவர்கள் ஓடிவிட்டார்கள். அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை இவன் கூடவே இருந்திருக்கிறான்.

நான் முதலில் செய்தது அந்தக் கடிகாரத்தைக் கழற்றப் போனதுதான். மகன் கையை இழுத்துக்கொண்டான்.

"கழட்டாதம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல அடிபட்டவனோட ஆளுவ இருபது முப்பது பேரு நிக்காங்க. இதப் பாத்துதான் என்னை ஒண்ணும் சொல்லாம ஆட்டோ புடிச்சு ஏத்தி விட்டாங்க."

கணவர் வந்து சேர்ந்தார். மூவரும் ஒரே அறையில் படுத்தோம். மகன் தூக்கத்திலும் கையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பையன் செத்துப்போய்விடக் கூடாது என்று வேண்டினேன். அந்த வேண்டுதலில் பாதி பயம். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்காக ஆனது என்று விசாரிப்பார்கள், எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

காலையில் வந்தார்கள். தெருமுனையில் இரண்டு பைக்குகள், இன்ஜினை அணைக்காமல் நான்கு இளைஞர்கள். ஒருவர் மட்டும் இறங்கி நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கசங்கிய வேட்டி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று கணவர் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார். நான் காபி என்று ஆரம்பித்தேன், அதற்கும் அதேதான்.

"தையல் போட்ருக்கு. உசுருக்குப் பயமில்லன்னுட்டாங்க" என்றார்.

என் கணவர் கும்பிட்டார். அந்த மனிதர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேத்து ஆஸ்பத்திரியில உங்க பையன்ட்ட எந்த ஊருன்னு கேட்டேன். சொன்னான். தெருவும் சொன்னான்."

நாங்கள் அவர்களுடைய ஆட்கள் இல்லை என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அவர் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தா நிக்கானுவளே, அவனுவளுக்கு இன்னும் தெரியாது. தெரியவும் வேண்டாம்." பிறகு மெதுவாகச் சொன்னார். "எம்மவன் கண்ணு முழிச்சதுலேருந்து 'நம்ம பையன் வீடு போய்ச் சேந்துட்டானா'ன்னே கேட்டுட்டுக் கெடக்கான். நான் அவன்ட்ட ஒண்ணும் சொல்லல. உங்க பையன் பாக்க வந்தா, அந்த வாட்ச்சக் கட்டிட்டே வரச் சொல்லுங்க."